காற்றழுத்த வரைபடத்தை எப்படிப் படிப்பது?

வானிலைச் செய்தியில் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்ற சொல்லைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். கூடவே ஒரு வரைபடத்தையும் காட்டுவார்கள். கைரேகை போல வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், நடுநடுவே 1004, 1008 என்று எண்கள். இரண்டு மூன்று நொடிகளில் அது மறைந்துவிடும். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், எங்கே பலமாக வீசும், எங்கே மேகம் திரளும் என்பதையெல்லாம் நாமே ஓரளவு சொல்லிவிடலாம். இதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். காற்றுக்கு எடை உண்டு என்பதிலிருந்து தொடங்கினால் போதும்.

கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை இருக்கும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்றை மட்டும் அப்படியே எடுத்து நிறுக்க முடிந்தால் 43 கிலோ வரும். ஓர் அறைக்கே இவ்வளவு என்றால், தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை அடுக்கடுக்காக நிற்கும் காற்றை யோசித்துப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் நிற்கும் காற்றுத் தூணின் எடை ஏறக்குறைய 1 கிலோ. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 10 டன்னைத் தாண்டிவிடும். இந்தத் தூண் தன் எடையால் கீழே கொடுக்கும் அழுத்தம்தான் வளிமண்டல அழுத்தம். சுருக்கமாகக் காற்றழுத்தம்.

அப்படியானால் நாம் ஏன் நசுங்கிப்போகவில்லை? காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. தண்ணீரைப் போலவே எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்துகிறது. நீட்டிய கையின் மேற்புறத்தை எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவு அடியிலிருந்தும் தாங்குகிறது. உடம்புக்குள் இருக்கும் ரத்தமும் நுரையீரலில் இருக்கும் காற்றும்கூட அதே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மலைப்பாதையில் வண்டி வேகமாக ஏறும்போது காது அடைக்கிறதே, அப்போதுதான் சமநிலை கொஞ்சம் கெடுகிறது. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது, செவிப்பறைக்கு உட்புறம் இன்னும் அடிவாரத்து அழுத்தத்திலேயே இருக்கிறது. ஒரு கொட்டாவி விட்டால் சரியாகிவிடும். காற்றழுத்தத்தில் நம் கவனத்துக்குரியது இந்த வித்தியாசம்தான். கட்டுரை முழுக்க இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

பாதரசக் குழாய்

17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கிணறு, சுரங்க வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் தெரிந்திருந்தது. உறிஞ்சும் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. கலிலியோவும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். அவருக்குப் பின் அவருடைய பதவிக்கு வந்த எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி கேள்வியைத் திருப்பிப் போட்டார். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று ஏன் நினைக்க வேண்டும்? வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால்? அப்போது 10 மீட்டர் என்ற எல்லைக்கு அர்த்தம் கிடைத்துவிடுகிறது. காற்றால் தாங்க முடிந்த தண்ணீரின் உயரம் அவ்வளவுதான்.

10 மீட்டர் குழாயை வைத்துக்கொண்டு சோதனை செய்வது கஷ்டம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால், அதை எடுத்துக்கொண்டால் ஒரு மீட்டர் கண்ணாடிக் குழாய் போதும். ஒரு முனை மூடிய குழாயில் பாதரசத்தை முழுக்க நிரப்பி, வாயை விரலால் அடைத்துக் கவிழ்த்து, பாதரசம் உள்ள கிண்ணத்துக்குள் வைத்து விரலை எடுக்க வேண்டும். குழாயில் இருப்பது முழுவதும் கொட்டிவிடாது. கொஞ்சம் இறங்கி, சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே குழாயில் இருப்பது ஏறக்குறைய வெற்றிடம். 1643 வாக்கில் டாரிசெல்லியும் அவருடைய நண்பர் விவியானியும் செய்த சோதனை இது. ஒரு பக்கம் காற்று அழுத்துகிறது, மறுபக்கம் அழுத்த எதுவும் இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் பாதரசத்தின் உயரம் காட்டுகிறது. 1644இல் எழுதிய கடிதத்தில் டாரிசெல்லி, நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

கடலின் அடியில் இருக்கிறோம் என்றால், மேலே போகப் போக அழுத்தம் குறைய வேண்டுமே? பிரான்சில் பிளேஸ் பாஸ்கலுக்கு இந்தக் கேள்வி வந்தது. அவர் இருந்த இடத்தில் பெரிய மலை இல்லை. அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியே இருந்த ஊரான கிளெர்மோன் பக்கத்தில் புய் தெ தோம் என்ற எரிமலைக் குன்று இருந்தது. 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே இரண்டு குழாய்களைத் தயார் செய்தார். ஒன்றை அடிவாரத்து மடாலயத் தோட்டத்தில் வைத்து, நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு துறவியை உட்கார வைத்தார். இன்னொன்றை உச்சிக்கு எடுத்துப் போனார். ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். உச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. சந்தேகம் இருக்கக்கூடாது என்று இடம் மாற்றி மாற்றி 5 முறை அளந்து பார்த்தார். கீழே இருந்த குழாயில் அன்று முழுவதும் எந்த மாற்றமும் இல்லை. அந்தத் துறவி காவலுக்கு உட்கார்ந்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர் இல்லாவிட்டால், ‘பகலில் வானிலை மாறியதால்தான் பாதரசம் இறங்கியிருக்கும்’ என்று யாரும் சொல்லியிருக்க முடியும்.

பாதரசத்திலிருந்து சிலிக்கான் வரை

டாரிசெல்லியின் குழாயில் ஓர் அளவுகோலைப் பொருத்தினால் அதுதான் பாதரச பாரமானி. கடல் மட்டத்தின் சராசரிக்கு ஒரு தர அளவு வைத்திருக்கிறார்கள்: 760 மில்லிமீட்டர் பாதரசம். இன்றைய அலகில் 1013.25 ஹெக்டோபாஸ்கல். பழைய புத்தகங்களில் மில்லிபார் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு மில்லிபாரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒன்றேதான், பெயர்தான் வேறு.

பாதரச பாரமானி துல்லியமானது. ஆனால் கனமானது, உடையக்கூடியது, பாதரசமோ நச்சு. வெயிலில் பாதரசம் விரிவடையும் என்பதால் வெப்பநிலைக்காக ஒரு திருத்தம் செய்ய வேண்டும். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் சற்று மாறுவதால் அதற்கும் ஒரு திருத்தம் உண்டு. கப்பலில் வைத்தால் ஆட்டத்தில் பாதரசம் குழாய்க்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு புதிய பாதரச பாரமானிகளின் உற்பத்தியே பெரும்பாலும் நின்றுவிட்டது.

1844இல் லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் திரவமே இல்லாத அனிராய்டு பாரமானியைக் கொண்டுவந்தார். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய, மெல்லிய உலோகத் தகட்டாலான சிறு பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். முழுதாக நசுங்கிவிடாமல் ஒரு சுருள்வில் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். வெளியே அழுத்தம் கூடினால் பெட்டி கொஞ்சம் அமுங்கும், குறைந்தால் உப்பும். மயிரிழை அளவே நடக்கும் அந்த அசைவை நெம்புகோல்கள் பெரிதாக்கி ஒரு முள்ளைச் சுற்ற வைக்கின்றன. முள்ளுக்குப் பதில் ஒரு பேனாவைப் பொருத்தி, மெதுவாகச் சுழலும் உருளையில் காகிதத்தைச் சுற்றிவிட்டால் அதற்குப் பெயர் பாரோகிராஃப். ஒரு வாரத்து அழுத்தம் ஒரே கோடாகக் காகிதத்தில் வந்துவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பேனாக்கள் 1883 ஆகஸ்ட் 27க்குப் பிறகு உலகின் பல மூலைகளில் திடீரென ஒரு குதி குதித்தன. கிரகடோவா எரிமலை வெடித்த அதிர்ச்சி அழுத்த அலையாகப் பூமியைச் சுற்றி வந்தது. போன அலை, மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்த அலை என்று சில கருவிகளில் 7 முறை வரை அது பதிவானது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்தபோதும் அப்படி ஓர் அலை உலகைச் சுற்றியது. வீட்டில் சிறு வானிலைக் கருவி வைத்திருந்த சாதாரண மக்களும் அந்த முறை அதைத் தங்கள் திரையிலேயே பார்த்தார்கள்.

பார்க்க முடிந்ததற்குக் காரணம் இன்றைய சிலிக்கான் உணரிகள். வெற்றிடம் உள்ள நுண்ணிய குழி, அதன் மேல் ஒரு மெல்லிய சிலிக்கான் படலம். அழுத்தத்துக்கு ஏற்பப் படலம் வளையும்போது மின் அளவு மாறும். அதாவது விடியின் பெட்டியே கடுகளவாகச் சுருங்கிவிட்டது. பல கைப்பேசிகளில் இது இருக்கிறது. ஒரு மாடி ஏறினால் அழுத்தம் சுமார் 0.35 ஹெக்டோபாஸ்கல் குறையும். அந்த வித்தியாசத்தையும் இது எளிதாகக் கண்டுபிடித்துவிடும்.

கடல் மட்டத்துக்கு இறக்குவது

இனி வரைபடத்துக்கு வருவோம். பல ஊர்களில் ஒரே நேரத்தில் அழுத்தத்தை அளந்து, படத்தில் அந்தந்த இடத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. கடற்கரையில் 1012 இருக்கும்போது, 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் கருவி 920 சொச்சம் காட்டும். 1,500 மீட்டரில் 845 வாக்கில். அப்படியே வரைந்தால் கிடைப்பது மலைகளின் வரைபடம்தான், வானிலை அதில் எங்கோ ஒளிந்துவிடும். தரைக்கு அருகே 8 மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடுகிறது. வானிலையால் வரும் மாற்றமோ சாதாரண நாட்களில் சில ஹெக்டோபாஸ்கல்தான்.

அதனால் ஒவ்வொரு நிலையமும் தன் உயரத்தையும் காற்றின் வெப்பநிலையையும் கணக்கில் எடுத்து, ‘இதே இடம் கடல் மட்டத்தில் இருந்திருந்தால் அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும்’ என்று கணக்கிட்டு அந்த எண்ணை அனுப்புகிறது. இது ஒரு கற்பனைதான், இல்லாத காற்றைத் தரைக்குள் நிரப்பிப் பார்ப்பது போன்றது. மிக உயரமான பீடபூமிகளில் இந்தக் கணக்கு நம்பகத்தன்மையை இழக்கும். மற்ற இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. கைப்பேசிச் செயலியில் 935 என்று பார்த்துவிட்டுப் புயல் வருகிறதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது உங்கள் உயரத்தில் உள்ள அசல் அழுத்தமாக இருக்கும். வரைபடத்தின் எண்ணோடு அதை நேராக ஒப்பிடக் கூடாது.

கோடுகள் சொல்வது

இப்படித் திருத்திய எண்களில் ஒரே அளவு உள்ள இடங்களை இணைத்து வரைவதுதான் சம அழுத்தக் கோடு. ஆங்கிலப் பெயரை ஒட்டி ஐசோபார் என்றும் சொல்வார்கள். பொதுவாக 4 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடு: 1000, 1004, 1008, 1012. வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்த வித்தியாசமே குறைவு என்பதால் 2க்கு ஒன்றாகவும் வரைவதுண்டு. மலைப்பகுதி வரைபடங்களில் சம உயரக் கோடுகளைப் பார்த்திருந்தால் இது உடனே பிடிபட்டுவிடும். மூடிய வளையங்களின் நடுவே எண் கூடிக்கொண்டே போனால் உயர் அழுத்தம், அதாவது காற்றின் மேடு. குறைந்துகொண்டே போனால் தாழ்வழுத்தம், பள்ளம்.

எத்தனை எண் இருந்தால் தாழ்வு என்று ஒரு கணக்கு உண்டா? கிடையாது. சுற்றியுள்ள இடங்களைவிடக் குறைவாக இருந்தால் அது தாழ்வு, அவ்வளவுதான். 1010 ஒரு நாள் தாழ்வின் மையமாக இருக்கலாம், வேறொரு நாள் மேட்டின் சரிவில் இருக்கலாம். எல்லைகள் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இரண்டு எண்கள்: 1979 அக்டோபர் 12 அன்று பசிபிக் கடலில் டிப் என்ற புயலின் மையத்தில் 870 பதிவானது. 1968 டிசம்பர் 31 அன்று சைபீரியாவின் அகாட்டாவில் 1083.8. கடல் மட்டக் கணக்கில் பூமியின் வானிலை ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

கோடுகள் நெருக்கமாக இருந்தால் சிறிய தூரத்துக்குள் அழுத்தம் வேகமாக மாறுகிறது என்று பொருள். செங்குத்தான சரிவில் தண்ணீர் வேகமாக ஓடுவது போல அங்கே காற்று பலமாக வீசும். அகல அகலமாக இருந்தால் இளங்காற்று. வரைபடத்தில் நான் முதலில் தேடுவது இந்த நெருக்கத்தைத்தான். எண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திசையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக ஓட வேண்டிய காற்று அப்படி ஓடுவதில்லை. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் அது வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாக. திரும்பித் திரும்பி, கடைசியில் கோடுகளுக்கு ஏறக்குறைய இணையாகவே ஓடத் தொடங்கிவிடும். தரைக்கு அருகில் உராய்வு காற்றைக் கொஞ்சம் பிடித்து இழுப்பதால், கோடுகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு பள்ளத்தின் பக்கம் நகரும். வட அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் உட்புறமாகச் சுழல்வது இதனால்தான். நெதர்லாந்தின் பைஸ் பாலோட் 1857இல் இதை ஓர் எளிய விதியாகச் சொன்னார்: காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வானொலி இல்லாத காலத்து மாலுமிகள் புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த விதி உதவியது.

தாழ்வை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் வந்து கூடும் காற்று எங்கே போகும்? கீழே தரை இருக்கிறது, மேலேதான் போக முடியும். மேலே போனால் அழுத்தம் குறைவு, காற்று விரிந்து குளிர்கிறது, ஈரம் மேகமாகிறது. தாழ்வழுத்தம் என்றால் மழை என்று சொல்வதன் காரணம் இதுதான். உயர் அழுத்தத்தில் நேர் எதிர். காற்று மேலிருந்து இறங்குகிறது, இறங்கும்போது சூடாகிறது, மேகம் கரைகிறது.

இங்கே பலரும் ஒரு கேள்வியில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கமும் காற்று வந்து நிறைந்தால் பள்ளம் தூர்ந்துவிட வேண்டாமா? கட்டாயம் தூர்ந்துவிடும், மேலே காற்று வெளியேறாவிட்டால். தரையில் உள்ள அழுத்தம் என்பது தூண் முழுவதின் எடை. அந்த எடை குறைய வேண்டுமானால் காற்று தூணை விட்டே போக வேண்டும். தரை சூடானால் மட்டும் போதாது. சூட்டில் தூண் உயரமாக விரியும், உள்ளே இருக்கும் காற்றின் மொத்த எடை அப்படியே இருக்கும். விரிந்ததால் மேல்மட்டத்தில் இந்தத் தூண் அக்கம்பக்கத்தைவிட உயர்ந்து நின்று, அங்கே காற்று பக்கவாட்டில் வழிகிறது. அப்போதுதான் கீழே எடை குறைகிறது. கீழே வந்து சேர்வதைவிட மேலே வழிந்து போவது அதிகமாக இருக்கும்வரை தாழ்வு வலுவடையும். அது நின்றவுடன் தாழ்வும் மெல்ல நிரம்பி மறையும். இதனால்தான் பலூனில் கருவி கட்டி, பல இடங்களில் தினமும் இரண்டு முறை உயரத்துக்கு அனுப்புகிறார்கள்.

தந்தி வந்த பிறகு

ஜெர்மனியின் பிராண்டெஸ் 1820 வாக்கில் அழுத்தத்தை வரைபடமாக்கும் வேலையில் இறங்கினார். அவர் கையில் இருந்தது 1783ஆம் ஆண்டின் பதிவுகள். காகிதங்களைத் திரட்டவே அவ்வளவு காலம் பிடித்தது. செய்தி புயலைவிட வேகமாகப் பயணிக்கும் வழி தந்தியோடுதான் வந்தது. 1854 நவம்பர் 14 அன்று கருங்கடலில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை ஒரு புயல் நாசம் செய்தது. நெப்டியூன் கோளைக் கணக்கிலேயே கண்டுபிடித்த லெவெரியே அந்த நாட்களின் பதிவுகளை ஐரோப்பா முழுவதிலிருந்தும் திரட்டிப் பார்த்தார். புயல் கண்டத்தைக் கடந்து படிப்படியாக நகர்ந்து வந்திருந்தது. தந்தி அடித்திருந்தால் முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். பிரிட்டனில் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் புயல் எச்சரிக்கைகளையும் பொது வானிலை முன்னறிவிப்பையும் தொடங்கினார். 1875 ஏப்ரல் 1 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழில் வானிலை வரைபடமே அச்சானது.

இன்றைய வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, முதலில் வரும் 9 அல்லது 10ஐயும் தசமப் புள்ளியையும் விட்டுவிடுவார்கள். 132 என்றால் 1013.2. 987 என்றால் 998.7. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு சிறிய எண் இருக்கும், கடந்த 3 மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பது. வானிலையாளர்கள் அதிகம் நம்புவது இந்தச் சின்ன எண்ணை. பழைய பாரமானிகளின் முகப்பில் ‘மழை’, ‘மாற்றம்’, ‘தெளிவு’ என்று முள்ளுக்கு நேரே எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதே வருவதைச் சொல்லும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வெப்பமண்டலத்தில் அமைதியான நாளில்கூட அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. கடல் மட்டம் ஓதத்தில் ஏறி இறங்குவது போல, சூரிய வெப்பம் வளிமண்டலம் முழுவதையும் தட்டி எழுப்பும் ஓத அலை இது. ஏற்ற இறக்கம் 2, 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். காலை 10 மணிக்கு 1011 பார்த்துவிட்டு மாலை 4 மணிக்கு 1008 பார்த்தால், அது தினமும் நடப்பதாகவே இருக்கலாம். அதனால் வெப்பமண்டலத்தில் இன்றைய அளவை நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுகிறார்கள். உங்கள் கைப்பேசியில் உணரி இருந்தால், ஒரே இடத்தில் வைத்து ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இரண்டு திமில் உள்ள ஒரே அலை நாள்தோறும் வரும். ஒரு நாள் மாலை 4 மணிக்குப் பிறகு ஏற வேண்டிய கோடு ஏறாமல், நேற்றைய இரவு 10 மணியைவிட 3, 4 கீழே போய், இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால், அந்த இறக்கம் ஓதத்தால் வந்தது இல்லை. அன்று வரைபடத்தைத் திறந்து, கோடுகள் எந்தப் பக்கம் நெருங்கியிருக்கின்றன என்று பாருங்கள்.